செய்தி மூலமும் அதிகாரமும்: இந்தியச் சமூக வானொலியில் நடப்பு நிகழ்வுகள் மீதான தடையின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவில் சமூக வானொலி நிலையங்கள் செய்திகளைத் தாமே திரட்டி ஒலிபரப்புவதற்கு அனுமதி இல்லை. நடப்பு நிகழ்வுகளுக்கும் அரசியல் பொருண்மைகளுக்கும் இதுவே விதி. 2006ஆம் ஆண்டுக் கொள்கையில் இடம்பெற்ற இத்தடை பின்னர் ஓரளவு தளர்த்தப்பட்டது. அத்தளர்வின் சொல்லாட்சியை நுணுகி நோக்கும்போது, தடையின் மையம் பேசுபொருளிலிருந்து செய்தி மூலத்துக்கு நகர்ந்திருப்பது புலனாகிறது. ஒரு செய்தியை ஒலிபரப்பலாமா என்பதை அதன் உள்ளடக்கத்தைக் காட்டிலும் அதை அளித்தவர் யார் என்பதே முடிவு செய்கிறது. இந்நிலை உருவான வரலாற்றையும், தமிழகச் சமூக வானொலிகளில் அது ஏற்படுத்தும் விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சமூக வானொலி, ஒலிபரப்புக் கொள்கை, செய்தித் தடை, நடப்பு நிகழ்வுகள், கருத்துரிமை, தகவல் அறியும் உரிமை

முன்னுரை

அரசு வானொலி, தனியார் வணிக வானொலி ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவது அடுக்காக விளங்குவது சமூக வானொலி. குறிப்பிட்ட நிலப்பகுதியில் வாழும் மக்கள் தம் தேவைகளைத் தம் வழக்குமொழியில் தாமே பேசிக்கொள்ளும் ஊடகம் என்பதே இதன் அடிப்படை இலக்கணமாகும். பொலிவியாவின் ஈயச் சுரங்கத் தொழிலாளர்கள் தம் ஊதியத்திலிருந்து பங்களித்து நடத்திய தொழிற்சங்க வானொலிகள் இதன் தொடக்ககால முன்மாதிரிகளுள் அடங்கும். அவை வேலைநிறுத்தங்களையும் தொழிலாளர் கூட்டங்களையும் பற்றிய செய்திகளை ஒலிபரப்பின. எனவே செய்தியும் அரசியலும் சமூக வானொலிக்குப் புறத்தேயிருந்து வந்து சேர்ந்தவை அல்ல. அதன் தோற்றத்திலேயே இடம்பெற்றவை.

இந்தியாவில் இம்மரபு வேறு வகையில் அமைந்தது. இங்குச் சமூக வானொலியின் இருப்பு ஏற்கப்பட்டபோதே அதன் செய்தி உரிமை மறுக்கப்பட்டது. இம்மறுப்பின் வேர்கள் காலனியக் காலத்தில் உள்ளன.

1. காலனியக் கட்டுப்பாடும் அதற்கு எதிரான குரலும்

1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம் தந்திகளை அமைக்கவும் இயக்கவும் உரிய தனியுரிமையை அரசுக்கு வழங்கியது. வானொலி பிறப்பதற்கு முன்பே இயற்றப்பட்ட இச்சட்டமே பின்னர் ஒலிபரப்புக்கும் அடிப்படையாயிற்று. ஆயினும் தென்னிந்திய ஒலிபரப்பு வரலாறு அரசிடமிருந்து தொடங்கவில்லை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் உருவான மதராஸ் மாகாண வானொலிக் கழகம் 1924ஆம் ஆண்டு சூலை இறுதியில் ஒலிபரப்பைத் தொடங்கியது. நிதி நெருக்கடியால் 1927இல் அது நின்றபோது, அதன் கருவிகளைக் கொண்டு சென்னை மாநகராட்சி 1930 முதல் ஒலிபரப்பு நடத்தியது. 1938 சூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கப்பட்டதும் மாநகராட்சியின் ஒலிபரப்பு முடிவுக்கு வந்தது. ஆர்வலர் கழகம் ஒன்றும் உள்ளாட்சி அமைப்பு ஒன்றும் வானொலி நடத்திய இந்தப் பதினான்கு ஆண்டுகள், உள்ளூர் ஒலிபரப்பு தமிழகத்துக்குப் புதியதன்று என்பதைக் காட்டுகின்றன.

செய்தி உரிமை நேரடிப் போராட்டப் பொருளானது 1942இல்தான். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் பம்பாயில் காங்கிரஸ் வானொலியைத் தலைமறைவாக நடத்தினர். தணிக்கையால் நாளிதழ்களில் வெளிவர இயலாத ஆஷ்டி, சிமூர் நிகழ்வுகள் போன்றவற்றை அது மக்களுக்குத் தெரிவித்தது. இடத்தை மாற்றி மாற்றி ஏறத்தாழ மூன்று மாதங்கள் இயங்கிய அந்நிலையம் 1942 நவம்பரில் காவல்துறையால் கைப்பற்றப்பட்டது. உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலை பெற்ற இந்தியா அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கிச் சிறப்பித்தது. ஆனால் அவரைத் தண்டிக்கத் துணைநின்ற ஒலிபரப்புத் தனியுரிமையை அது கைவிடவில்லை.

2. விடுதலைக்குப் பிந்தைய அரசுத் தனியுரிமை

விடுதலைக்குப் பின் வானொலி வளர்ச்சிப் பணிக்கான கருவியாகக் கருதப்பட்டது. 1956இல் யுனெஸ்கோவின் துணையுடன் புனே வட்டாரத்தில் நடத்தப்பட்ட வானொலி ஊரக மன்றங்கள், கேட்போர் கூடிப் பேசித் தம் ஐயங்களை நிலையத்துக்கு அனுப்பும் முறையை உருவாக்கின. தஞ்சை வட்டாரத்தில் 1960களின் பிற்பகுதியில் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பால் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல் வகையை உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கினர். மக்கள் வானொலியை எவ்வளவு நம்பினர் என்பதற்கு இப்பெயர் சான்று. அதே வேளையில், அறிவு மேலிருந்து கீழாகப் பாய வேண்டும் என்ற அமைப்பும் இதில் வெளிப்படுகிறது. எந்த நெல்லை விதைக்கலாம் என்று வானொலி உழவருக்குச் சொன்னது. வாய்க்காலில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று உழவர் வானொலியில் கேட்பதற்கு உரிய களம் குறுகியதாகவே இருந்தது.

வானொலிக்குத் தன்னாட்சி வழங்க வேண்டும் என்று அசோக் சந்தா குழு 1966இல் பரிந்துரைத்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் (1975-77) வானொலி ஆட்சியாளரின் பரப்புரைக் கருவியாக மாறியபோது அப்பரிந்துரையின் தேவை அனைவருக்கும் விளங்கியது. அதன் விளைவாக அமைக்கப்பட்ட பி.ஜி. வர்கீஸ் குழு 1978இல் ‘ஆகாஷ் பாரதி’ என்ற பெயரில் தன்னாட்சி அமைப்பு ஒன்றை முன்மொழிந்தது. 1990இல் இயற்றப்பட்ட பிரசார் பாரதி சட்டம் 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. இந்த முப்பது ஆண்டு விவாதம் பெரும்பாலும் அரசு வானொலியை அரசிடமிருந்து விடுவிப்பதைப் பற்றியதாக அமைந்தது. மக்களே வானொலி நடத்துவது என்ற கேள்வி 1990களில்தான் முதன்மை பெற்றது.

3. 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பும் மக்கள் இயக்கங்களும்

கிரிக்கெட் போட்டி ஒன்றின் தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமை தொடர்பாக மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் எழுந்த வழக்கில், 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அடங்கிய அமர்வு, அலைக்கற்றை பொதுச்சொத்து என்று அறிவித்தது. தகவலைப் பெறுவதும் பரப்புவதும் அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) உறுப்பு வழங்கும் கருத்துரிமையின் பகுதி என்றும், ஒலிபரப்பில் அரசின் தனியுரிமையும் தனியாரின் தனியுரிமையும் ஒருங்கே ஏற்கத்தக்கவை அல்ல என்றும் அது கருதியது. அலைக்கற்றையை ஒழுங்குபடுத்தத் தன்னாட்சி பெற்ற பொது அமைப்பு ஒன்றை நிறுவுமாறும் அது அரசைப் பணித்தது.

இத்தீர்ப்பு ஒலிபரப்பு உரிமை கோரிய குழுக்களுக்குச் சட்ட வலிமை அளித்தது. 1996இல் பெங்களூருவில் கூடிய ஊடக ஆர்வலர்கள் சமூக வானொலிக்கான கோரிக்கையை அறிக்கையாக வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டு சூலையில், அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேதக் மாவட்டத்தில் உள்ள பஸ்தாப்பூரில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் இடத்தில் நடைபெற்ற கூட்டம், இலாப நோக்கமற்றதும் உள்ளூர் மக்களால் நடத்தப்படுவதுமான வானொலிக்கு வழிவிட வேண்டும் என்று வலியுறுத்தியது.

அப்பகுதியின் தலித் பெண்கள் 1990களின் இறுதியிலேயே ஒலிப்பதிவுக் கூடத்தையும் கருவிகளையும் பெற்றிருந்தனர். உரிமம் மட்டும் கிடைக்கவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அவர்கள் தம் நிகழ்ச்சிகளை ஒலிநாடாக்களில் பதிந்து ஊர்ச் சங்கக் கூட்டங்களில் ஒலிக்கச் செய்தனர். 2008 அக்டோபர் 15 அன்று மாச்சனூரில் சங்கம் வானொலி முறையாகத் தொடங்கியபோது அதைத் தொடங்கிவைத்தவர், 1995ஆம் ஆண்டு அமர்வில் இடம்பெற்ற நீதிபதி பி.பி. சாவந்த். தீர்ப்புக்கும் அதன் பயன் கடைக்கோடி மக்களைச் சென்றடைந்ததற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன.

4. 2002 முதல் 2006 வரை: அனுமதியும் தடையும்

2002 டிசம்பரில் மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் வானொலி நடத்த அனுமதி அளித்தது. இதன்படி 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொடங்கப்பட்ட அண்ணா பண்பலையே நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலியாகும். தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் உரிமம் பெறுவதற்கு வழிவகுத்த விரிந்த கொள்கைக்கு 2006 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இக்கொள்கை ஒலிபரப்புத் திறனை 100 வாட் அளவில் வரையறுத்தது. நிகழ்ச்சிகளில் குறைந்தது 50 விழுக்காடு உள்ளூரில் உருவாக்கப்பட வேண்டும் என்றும், ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பதிவுகளை மூன்று மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்றும் விதித்தது. அரசியல் கட்சிகளும் அவற்றின் துணை அமைப்புகளும் உரிமம் பெற இயலாது. இவற்றுடன், செய்தி, நடப்பு நிகழ்வுகள் தொடர்பானவையும் பிற வகையில் அரசியல் தன்மை கொண்டவையுமான நிகழ்ச்சிகள் ஒலிபரப்பப்படக் கூடாது என்ற விதியும் சேர்க்கப்பட்டது.

இவ்விதிகளுள் இரண்டைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. கட்சிகளுக்கு உரிமம் மறுப்பது உடைமை பற்றிய கட்டுப்பாடு. செய்தியை மறுப்பது உள்ளடக்கம் பற்றிய கட்டுப்பாடு. கட்சிச் சார்பைத் தவிர்ப்பதே நோக்கமெனில் முதல் விதியே பெருமளவு போதுமானது. இரண்டாம் விதி கட்சி அரசியலைக் கடந்து பொதுவாழ்வு முழுவதையும் தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது.

இது உருவான காலச் சூழலும் கருதத்தக்கது. 73ஆவது அரசமைப்புத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து கிராம சபையை அரசமைப்பின் உறுப்பாக்கியது. 2005இல் இயற்றப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டம், பொது அதிகார அமைப்புகள் தாமாகவே தகவல்களைப் பரப்ப வேண்டும் என்று கூறி, அதற்குரிய வழிகளுள் ஒலிபரப்பையும் குறிப்பிட்டது. அதே ஆண்டில் வந்த தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், பணிகளைக் கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. ஊர் மக்கள் ஆட்சியைக் கேள்வி கேட்க வேண்டும் என்று இரு சட்டங்கள் கூறிய மறு ஆண்டே, அக்கேள்வியை ஊர் வானொலியில் எழுப்புவதற்குத் தடை வந்தது.

5. தடையின் சொல்லாட்சி: பொருளிலிருந்து மூலத்துக்கு

பின்னர் வந்த திருத்தங்கள் இத்தடைக்கு இரண்டு விலக்குகளை அளித்தன. முதலாவது, அகில இந்திய வானொலியின் செய்திகளை அவ்வாறேயோ உள்ளூர் மொழியில் பெயர்த்தோ ஒலிபரப்பலாம். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் இதனைப் பரிந்துரைத்திருந்தது. இரண்டாவது, சில வகைத் தகவல்கள் ‘செய்தி அல்லாதவை’ எனக் கொள்ளப்படும். போக்குவரத்து, வானிலை, பண்பாட்டு விழாக்கள், தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு ஆகியவற்றுடன், மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், நலவாழ்வு எச்சரிக்கை முதலியன குறித்து உள்ளாட்சி நிருவாகம் அளிக்கும் அறிவிப்புகளும் இப்பட்டியலில் அடங்கும்.

குடிநீர் பற்றிப் பேசுவதற்கு இங்குத் தடையில்லை. நிருவாகம் அளிக்கும் குடிநீர் அறிவிப்பு செய்தி அன்று. எனவே அதை ஒலிபரப்பலாம். அறிவித்தபடி குடிநீர் வரவில்லை என்று அத்தெருவில் வாழும் பெண் ஒருவர் கூறுவதை நிலையம் பதிந்து ஒலிபரப்பினால், அது நடப்பு நிகழ்வாகக் கொள்ளப்படும் இடர் உண்டு. இரண்டின் பொருளும் ஒன்றே, ஊரும் ஒன்றே. வேறுபடுவது சொல்பவர் மட்டுமே. அவ்வாறே நாடாளுமன்ற விவாதத்தைத் தில்லிச் செய்தியறை தொகுத்த வடிவில் ஒலிபரப்பலாம். தன் ஊர்க் கிராம சபையின் விவாதத்தை நிலையம் தானே தொகுத்து வழங்குவதற்குத் தெளிவான அனுமதி இல்லை. உள்ளூர் உருவாக்கம் 50 விழுக்காடு வேண்டும் என்னும் கொள்கை, செய்தியில் மட்டும் உள்ளூர் உருவாக்கத்தை விலக்குகிறது. சமூக வானொலியின் இலக்கணத்துக்கே இது முரணானது.

6. தமிழகக் களம்

தமிழகத்தின் சமூக வானொலிகளுள் பெரும்பான்மை கல்வி நிறுவனங்களைச் சார்ந்தவை. தொண்டு நிறுவனங்களும் தனிமனித முயற்சிகளும் வழிவந்தவை எண்ணிக்கையில் குறைவு. ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளை தொடங்கிய களஞ்சியம் வானொலி, பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை பண்பலை ஆகியன கடலோர மக்களை மையமாகக் கொண்டவை.

பாம்பன் மீனவருக்குக் காற்றின் வேகம், அலையின் உயரம், புயல் எச்சரிக்கை ஆகியன உயிர்காக்கும் தகவல்கள். அவற்றை வானொலி தடையின்றி வழங்கலாம். கடலுக்குச் சென்ற படகு அண்டை நாட்டுக் கடற்படையால் பிடிக்கப்பட்டது என்பதும் அதே மீனவக் குடும்பங்களுக்கு அதே அளவு இன்றியமையாத தகவல். ஆனால் அது செய்தி. அதன் காரணங்களை விவாதிப்பது அரசியல். கரைக்குத் திரும்பிய மீனவர் தாம் கண்டதைத் தம் ஊர் வானொலியில் கூறுவதைவிட, அது வானொலிச் செய்தியறைக்குச் சென்று, அங்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதன் வழியாக ஊருக்குத் திரும்பி வருவதே விதிப்படி பாதுகாப்பானது. தேர்ந்தெடுக்கப்படாத செய்தி அவ்வழியில் ஊருக்குத் திரும்புவதே இல்லை.

கல்வி நிறுவன வானொலிகளில் இத்தடையின் விளைவு வேறு வகையானது. ‘நடப்பு நிகழ்வு’ என்பதன் எல்லை தெளிவின்றி இருப்பதால், உரிமத்தைக் காக்க விழையும் நிறுவனம் விதி கோருவதைக் காட்டிலும் கூடுதலாகத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள இடமுண்டு. நலவாழ்வு, சமையல், போட்டித் தேர்வு, நாட்டுப்புறப் பாடல் ஆகியன பாதுகாப்பான பொருண்மைகளாக நிலைபெறுகின்றன. வாக்காளர் விழிப்புணர்வுக்குத் தேர்தல் ஆணையம் சமூக வானொலிகளை ஈடுபடுத்துகிறது. வாக்களிக்க வேண்டும் என்று சொல்லலாம். தொகுதியின் தேவைகள் எவை என்று வேட்பாளர்களை ஒரே மேடையில் அமர்த்திக் கேட்பது இடருக்குரியதாகிறது.

7. அரசின் வாதங்களும் அவற்றின் வலிமையும்

சமூக வானொலிக்கும் தனியார் பண்பலைக்கும் செய்தி உரிமை மறுக்கப்படுவதை எதிர்த்துக் காமன் காஸ் என்னும் அமைப்பு 2013இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள உரிமை வானொலிக்கு மட்டும் ஏன் இல்லை என்பது அதன் மையக் கேள்வி. நிலையங்களின் உள்ளடக்கத்தைக் கண்காணிக்க உரிய அமைப்பு இல்லை என்றும், நாட்டுக்கு எதிரான சக்திகள் இவற்றைத் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்றும் அரசு தன் தரப்பை முன்வைத்தது.

இவ்வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. 1994இல் ருவாண்டாவில் மில் கோலின் வானொலி வெறுப்பை விதைத்து இனப்படுகொலைக்குத் துணைநின்றது. சாதி, மதப் பூசல்கள் நிலவும் வட்டாரங்களில் நூறு வாட் நிலையமும் தீங்கு விளைவிக்கக்கூடும். ஆயினும் ருவாண்டா நிலையம் ஆட்சியாளருக்கு நெருக்கமானவர்களால் நடத்தப்பட்டது. அங்கு இல்லாதிருந்தது செய்தித் தடை அன்று, மாற்றுக் குரலே. மேலும் நிலையத்தின் இடமும் உரிமையாளரும் அலைவரிசையும் அரசுக்குத் தெரியும். பதிவுகளும் மூன்று மாதங்கள் காக்கப்படுகின்றன. முகமறியாத கைப்பேசிக் காணொளிகளைவிடப் பொறுப்புக்கூறலுக்கு உட்பட்ட ஊடகம் இது. தனியார் பண்பலைகள் மணிக்கு 10 நிமிடம் வரை செய்தி ஒலிபரப்பலாம் என்று 2023இல் ஒழுங்குமுறை ஆணையமே பரிந்துரைத்திருப்பதும் இங்குக் கருதத்தக்கது.

8. நேபாள ஒப்பீடு

காத்மண்டுவில் 1997 மே மாதம் ஒலிபரப்பைத் தொடங்கிய ரேடியோ சகர்மாதா தெற்காசியாவில் அரசு சாராச் சமூக வானொலியின் முன்னோடி. நேபாளச் சுற்றுச்சூழல் இதழாளர் மன்றம் அதை நிறுவியது. பண்பலைகளில் செய்தியைத் தடுக்க நேபாள அரசு 2001இல் முயன்றபோது அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2005 பிப்ரவரி 1 அன்று மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கைப்பற்றியதும் பண்பலைச் செய்திகள் மீண்டும் தடை செய்யப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் ரேடியோ சகர்மாதாவின் கருவிகளைக் காவல்துறையினர் கைப்பற்றினர். நீதிமன்றத் தலையீட்டால் நிலையம் மீண்டும் இயங்கியது. 2006 ஏப்ரலில் மக்கள் இயக்கம் மன்னராட்சியைப் பின்வாங்கச் செய்தது.

உள்நாட்டுப் போரில் சிக்கியிருந்த நேபாளத்தின் பாதுகாப்புச் சூழல் இந்தியாவைவிடக் கடினமானது. அச்சூழலிலும் உள்ளூர்ச் செய்தி உரிமை நாட்டைச் சிதைக்கவில்லை என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

முடிவுரை

2024 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற சமூக வானொலி மாநாட்டில் திருத்திய வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிடப்பட்டன. விளம்பர நேரம் மணிக்கு 12 நிமிடமாக உயர்ந்தது. அவ்வாண்டிலேயே நிலையங்களின் எண்ணிக்கை 500ஐ எட்டியது. நிலையங்களின் வருவாய்க்கு வழி விரிந்த அளவுக்கு அவற்றின் பேச்சுரிமைக்கு வழி விரியவில்லை.

அரசியல் கட்சிகள் உரிமம் பெறுவதைத் தடுக்கும் விதி தொடர்வதில் பொருளுண்டு. நீக்கப்பட வேண்டியது செய்தி மூலத்தின் மீதான கட்டுப்பாடு. கிராம சபை நடவடிக்கைகள், சமூகத் தணிக்கை அறிக்கைகள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழிப் பெற்ற விவரங்கள் ஆகியவற்றை ஒலிபரப்புவதற்கு வெளிப்படையான அனுமதி அளிப்பது முதற்படியாகலாம். வெறுப்புப் பேச்சுக்கு எதிரான நெறிமுறையும், மறுப்பு தெரிவிப்போருக்குச் சம நேரம் வழங்கும் விதியும், அரசு சாரா மேல்முறையீட்டு அமைப்பும் அதற்குத் துணையாக வேண்டும். அலைக்கற்றையை ஒழுங்குபடுத்தத் தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்று 1995இல் கூறப்பட்டது இதற்காகவே.

இத்தடைக்கு வரலாற்றியல் சார்ந்த விளைவும் உண்டு. மூன்று மாதங்களுக்குப் பின் பதிவுகளைக் காக்கும் கடமை நிலையங்களுக்கு இல்லை. அவற்றைத் திரட்டும் பொது ஆவணக் காப்பகமும் உருவாக்கப்படவில்லை. ஊர்கள் தம்மைப் பற்றித் தாமே பேசிய சொற்கள் செய்தியாகவும் அறியப்படாமல், ஆவணமாகவும் எஞ்சாமல் மறைகின்றன. வானொலி நடத்தும் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இப்பதிவுகளைக் காக்கும் பணியை ஏற்பதற்கு எவ்விதியும் தடையாக இல்லை.